உடுக்கையடிப் பதிவு: நிரல் வழியாக ஒரே கோப்பில் எழுதப்படும் ஓசையும் காட்சியும் நேரம் விலகுவது ஏன்?

காங்கயங்காளை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, காங்கயம் வட்டாரத்தில் அண்ணன்மார் கதையை (பொன்னர் சங்கர் கதை) உடுக்கையடித்துப் பாடுபவர். வயது 78 ஆகிவிட்டதால், இம்முறை அவர் பாடும் எல்லா இரவுகளையும் முழுமையாகப் பதிவு செய்துவிட வேண்டும் என்று வீட்டில் முடிவு செய்தோம். அதற்கென லினக்ஸ் மடிக்கணினியில் ஓசையையும் காட்சியையும் கையாளும் எஃப்எஃப்எம்பெக் நூலகங்களைக் கொண்டு சி மொழியில் ஒரு நிரல் எழுதினேன். பாட்டு முடிந்து வசனம் தொடங்கும் இடங்களை நான் ஒரு விசையை அழுத்திக் குறிக்கிறேன். அந்தக் குறிகள் கோப்பிலேயே அத்தியாயங்களாகச் சேர வேண்டும் என்பதால்தான் ஆயத்த மென்பொருளை நாடவில்லை.

யூஎஸ்பி கேமராவிலிருந்து 1280×720 அளவில் வினாடிக்கு 30 ஃபிரேம் (படச்சட்டம்) பெறுகிறேன். மிக்சரிலிருந்து யூஎஸ்பி சவுண்ட் கார்டு வழியாக வினாடிக்கு 48,000 சாம்பிள் (ஓசையின் அளவீடு) வீதம் ஸ்டீரியோ ஓசை வருகிறது. காட்சியை எச்.264 ஆகவும் ஓசையை ஏஏசி ஆகவும் மாற்றி எம்பி4 கோப்பில் எழுதுகிறேன். காட்சிக்கு நேர அலகு முப்பதில் ஒரு வினாடி. ஒவ்வொரு ஃபிரேம் வரும்போதும் எண்ணிக்கையை ஒன்று கூட்டி, அதையே நேரமுத்திரையாக வைக்கிறேன். ஓசைக்கும் அப்படியே சாம்பிள்களை எண்ணி வைக்கிறேன்.

முதல் இரவு ஓசை சரியாக 3 மணி 20 நிமிடம் பதிவானது. காட்சியோ 2 மணி 55 நிமிடத்திலேயே முடிந்துவிட்டது. தொடக்கத்தில் உதடும் சொல்லும் ஒத்திருக்கின்றன. பாதிக்கு மேல் அப்புச்சி உடுக்கையைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கும்போது உடுக்கையோசை கேட்டுக்கொண்டிருக்கிறது. இரண்டாம் இரவு அதைவிட மோசம். குழந்தை ஒன்றின் கால் தடுக்கி மின்கம்பி பிடுங்கிக்கொண்டது. மின்கலம் பழையது என்பதால் மடிக்கணினி அணைந்துபோனது. கோப்பு 2 ஜிபிக்கு மேல் இருக்கிறது, ஆனால் எந்த இயக்கியும் திறக்க மறுத்து ‘மூவ் ஆட்டம் காணவில்லை’ என்கிறது. ஒயிலாட்டம் தெரியும், கும்மியாட்டம் தெரியும், இந்த ஆட்டம் என்னவென்று தெரியவில்லை. இரண்டுக்கும் வழி சொன்னால் நன்றியுடையவனாவேன்.

ஆனைமலைக்காற்று எழுதியது:

உங்கள் கேமரா வினாடிக்கு 30 என்று சொல்லிவிட்டு உண்மையில் 29.97 கொடுத்துக்கொண்டிருக்கலாம். நேர அலகை 1001/30000 என்று மாற்றிப் பாருங்கள்.

நொய்யல்கரை எழுதியது:

ஆனைமலைக்காற்று சொல்வது வேறு சூழலில் பொருந்தும், இங்கே கணக்கு ஒத்துவரவில்லை. 30-க்கும் 29.97-க்கும் உள்ள வேறுபாடு ஆயிரத்தில் ஒரு பங்குதான். 12,000 வினாடிப் பதிவில் அது 12 வினாடி விலகலைத் தரும். இவருக்கு விலகியிருப்பது 25 நிமிடம்.

காங்கயங்காளை கொடுத்த எண்களையே எடுத்துக்கொள்வோம். 12,000 வினாடிக்கு 3,60,000 ஃபிரேம் வந்திருக்க வேண்டும். காட்சி 10,500 வினாடி ஓடுகிறது என்றால் வந்தவை 3,15,000 மட்டுமே, 45,000 வரவில்லை. இவை இங்கொன்றும் அங்கொன்றுமாக விழுந்தவையாக எனக்குத் தோன்றவில்லை. பெரும்பாலான யூஎஸ்பி கேமராக்கள் வெளிச்சம் குறைந்தால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கூடுதல் நேரம் ஒளியை வாங்கிக்கொள்ளத் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். 30 என்பது பெரும்பாலும் 15 ஆகிவிடும். அப்படி 15-க்கு இறங்கியிருந்தால் 45,000 குறைவதற்கு 3,000 வினாடி, அதாவது 50 நிமிடம் ஆகியிருக்கும். அன்றிரவு ஏறத்தாழ 50 நிமிடம் அவ்விடத்தில் விளக்கு மங்கலாக இருந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

கோளாறு கேமராவில் இல்லை, எண்ணி முத்திரை இடுவதில் இருக்கிறது. எம்பி4 கோப்புக்கு ‘வினாடிக்கு இத்தனை ஃபிரேம்’ என்ற கருத்தே அடிப்படையில் கிடையாது. ஒவ்வொரு ஃபிரேமும் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்ற பட்டியலைத்தான் அது வைத்திருக்கிறது. அந்தப் பட்டியல் நீங்கள் இடும் நேரமுத்திரைகளிலிருந்து உருவாகிறது. பதினைந்தில் ஒரு வினாடி நின்ற ஃபிரேமை நீங்கள் முப்பதில் ஒன்று என்று எழுதிக் கொடுத்தால், இயக்கியும் அதை நம்பி இருமடங்கு வேகத்தில் ஓட்டும்.

ஆகவே எண்ணிக்கையை விட்டுவிடுங்கள். லினக்ஸில் கேமராவின் டிரைவர் ஒவ்வொரு ஃபிரேமுடனும் அது பிடிக்கப்பட்ட நேரத்தையும் தருகிறது. பொதுவாக அது கணினி இயங்கத் தொடங்கியதிலிருந்து முன்னோக்கி மட்டுமே செல்லும் மோனோடானிக் கடிகார நேரம். அதையே முத்திரையாக வையுங்கள். சுவர்க்கடிகார நேரத்தைத் தொடவே வேண்டாம். இணைய இணைப்புக் கிடைத்ததும் கணினி தன் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டால், உங்கள் பதிவு நடுவழியில் சில வினாடி பின்னோக்கித் தாவிவிடும்.

இப்படிச் செய்யும்போது என்கோடரின், அதாவது சுருக்கும் பகுதியின், நேர அலகையும் மாற்றியாக வேண்டும். முப்பதில் ஒன்று என்ற பருமனான அலகை அப்படியே வைத்துக்கொண்டு உண்மை நேரத்தை அதற்குள் திணித்தால், சற்றே முன்பின் வரும் இரு ஃபிரேம்கள் ஒரே எண்ணில் விழுந்து, நேரமுத்திரை ஏறுவரிசையில் இல்லை என்று மக்சர், அதாவது காட்சியையும் ஓசையையும் ஒரே கோப்பில் எழுதும் பகுதி, பிழை காட்டும். 90,000-இல் ஒன்று என்ற அலகு போதுமான அளவு நுண்மையானது. அடுத்து, கோப்பின் தலைப்பை எழுதும் செயற்கூற்றை அழைத்த பிறகு மக்சர் தன் வசதிக்கேற்ப அலகை மாற்றிக்கொள்ளும். நீங்கள் முப்பதில் ஒன்று என்று கேட்டிருந்தால் எம்பி4 மக்சர் அதை 15,360-இல் ஒன்று ஆக்கியிருக்கும். எம்கேவி என்றால் ஆயிரத்தில் ஒன்று. எனவே என்கோடரிலிருந்து வரும் ஒவ்வொரு பாக்கெட்டையும் (சுருக்கிய தரவுப் பொட்டலம்), தலைப்பு எழுதிய பின் அந்த ஓடையில் (காட்சிக்கு ஒன்று, ஓசைக்கு ஒன்று) உள்ள அலகுக்கு மாற்றிய பிறகே எழுத வேண்டும். உங்கள் நிரலில் இந்த மாற்றம் ஏற்கெனவே இருக்கும் என்றே நினைக்கிறேன். இல்லையென்றால் கோப்பு முதல் நிமிடத்திலிருந்தே கெட்டிருக்கும்.

ஃபிரேமுக்குக் காட்டும் நேரத்தை மட்டும் கொடுங்கள். டிகோட் செய்யும் (சுருக்கியதை விரிக்கும்) நேரத்தை என்கோடரே கணக்கிட்டுக்கொள்ளும். பின்வரும் ஃபிரேமையும் சார்ந்திருக்கும் பி-ஃபிரேம்கள் இருக்கும்போது இந்த இரண்டும் வேறுவேறாக இருப்பது இயல்பு. அதைப் பிழை என்று கருதித் திருத்தப் போய்ச் சிக்கலில் மாட்டிக்கொண்ட அனுபவம் எனக்கு உண்டு.

சென்னிமலைத்தறி எழுதியது:

இரண்டாம் இரவின் கோப்பைப் பற்றி எழுதுகிறேன், ஏனெனில் அதுதான் ஈடுசெய்ய முடியாதது.

எம்பி4 கோப்பு சிறிதும் பெரிதுமான பெட்டிகளால் ஆனது. அவற்றைத்தான் ஆட்டம், அதாவது அணு, என்று பழைய வழக்கில் சொல்வார்கள். உங்கள் காட்சியும் ஓசையும் எம்டாட் என்ற பெட்டியில் தொடர்ச்சியாகக் கொட்டப்படுகின்றன. எந்த பைட்டில் எந்த ஃபிரேம் தொடங்குகிறது, அதன் அளவு என்ன, எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எது கீ-ஃபிரேம் (பிற ஃபிரேமைச் சாராமல் தனித்து நிற்பது) என்ற கணக்கேடு முழுவதும் மூவ் என்ற பெட்டியில் இருக்கிறது. பதிவு முடியும் வரை அந்தக் கணக்கு முழுமையாகாது என்பதால், இறுதியில் கோப்பை முடித்துவைக்கும் செயற்கூற்றை அழைக்கும்போதுதான் அது எழுதப்படும். உங்கள் மடிக்கணினி அதற்கு முன்பே அணைந்துவிட்டது. எங்கள் ஊர் நடையில் சொன்னால், தறியிலிருந்து நூல் எல்லாம் வந்துவிட்டது, எது பாவு எது ஊடு என்று சொல்ல ஆளில்லை.

தரவு அழியவில்லை என்பதால் மீட்க வழியிருக்கிறது. எச்.264 ஓடையைத் திறக்கத் தேவையான அடிப்படை அளவுருக்களும் மூவ் பெட்டியில்தான் இருந்தன. ஆனால் அதே கேமரா, அதே என்கோடர் அமைப்பு, அதே நிரலைக் கொண்டு எழுதப்பட்ட முதல் இரவின் கோப்பு உங்களிடம் நலமாக இருக்கிறது. நலமான கோப்பை மாதிரியாகக் கொண்டு கெட்ட கோப்பின் எம்டாட் பகுதியை ஃபிரேம் ஃபிரேமாகப் பிரித்துக் கணக்கேட்டை மீண்டும் எழுதும் அன்ட்ரங்க் என்ற திறமூல நிரல் ஒன்று உண்டு. முதலில் கெட்ட கோப்புக்கு இரண்டு நகல் எடுத்து வைத்துவிட்டு, நகலின்மீது மட்டும் அதை இயக்குங்கள். இவ்வாறு மீட்ட கோப்பில் ஃபிரேம்கள் கிடைக்கும், ஆனால் ஒவ்வொன்றும் நின்ற உண்மையான நேரம் கிடைக்காது. ஒத்திசைவைக் கையால்தான் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

இனி வரும் இரவுகளுக்கு இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது துண்டாக்கிய எம்பி4. எஃப்எஃப்எம்பெக்கில் மக்சருக்கான கொடிகளில், அதாவது அமைப்புக் குறிகளில், வெற்று மூவ், கீ-ஃபிரேம்தோறும் துண்டு என்ற இரண்டையும் கொடுத்தால், தொடக்கத்திலேயே அளவுருக்களைக் கொண்ட சிறிய மூவ் எழுதப்பட்டுவிடும். பிறகு ஒவ்வொரு துண்டும் தன் கணக்கைத் தன் தலையிலேயே சுமந்து வரும். மின்சாரம் போனால் கடைசித் துண்டு மட்டுமே போகும். இரண்டாவது வழி மெட்ரோஸ்கா, அதாவது எம்கேவி. அதுவும் சிறு சிறு தொகுதிகளாகவே எழுதப்படுவதால் பாதியில் நின்ற கோப்பும் ஓடும். தேடித் தாவுவதற்கான அட்டவணை மட்டும் இருக்காது. நான் நேரடிப் பதிவுக்கு எம்கேவியையே விரும்புகிறேன். வீட்டுக்கு வந்தபின் மறு என்கோடிங் செய்யாமல் பாக்கெட்டுகளை அப்படியே எடுத்து வழக்கமான எம்பி4 கோப்பில் எழுதிக்கொள்ளலாம். அதற்குச் சில நிமிடங்களே ஆகும். உங்கள் அத்தியாயக் குறிகளையும் பதிவு நடக்கும்போது ஒரு தனி உரைக்கோப்பில் வரிவரியாக எழுதி உடனுக்குடன் வட்டில் சேர்த்துவிட்டு, மாற்றி எழுதும்போது சேர்த்துக்கொள்ளுங்கள்.

மின்சாரம் போகாத நாளிலும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பதிவை நிறுத்தியதும் உடனே கோப்பை மூடிவிடக் கூடாது. இரு என்கோடர்களுக்கும் ‘இனி ஃபிரேம் இல்லை’ என்று வெற்று ஃபிரேமை அனுப்பி, அவற்றின் வயிற்றில் தேங்கியிருக்கும் பாக்கெட்டுகளை எல்லாம் வாங்கி எழுதிய பிறகே முடித்துவைக்கும் செயற்கூற்றை அழைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு பதிவிலும் கடைசி ஒன்றிரண்டு வினாடி காணாமற்போகும். மங்களம் பாடும் இடத்தில் அது போனால் அப்புச்சி பொறுத்துக்கொள்ள மாட்டார்.

காங்கயங்காளை எழுதியது:

நொய்யல்கரை ஐயா, அன்றிரவு நீங்கள் அங்கே இருந்தீர்களா என்று கேட்கத் தோன்றியது. மாலையில் மழை பெய்திருந்ததால் இடையில் ஈசல் மொய்த்துப் பாட முடியாமல் போய், குழல்விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு ஓரமாக ஒரே ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கை மட்டும் வைத்தோம். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக அப்படியே பாடினார்.

நேரமுத்திரையைக் கேமராவின் நேரத்துக்கு மாற்றிவிட்டேன். எம்கேவிக்கும் மாறிவிட்டேன். இரண்டாம் இரவின் கோப்பில் நின்ற இடத்துக்கு ஒரு நிமிடம் முன்புவரை அன்ட்ரங்க் மீட்டுக் கொடுத்தது. அம்மாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, சென்னிமலைத்தறிக்கு என் குடும்பத்தின் நன்றி.

மூன்றாம் இரவும் ஏறத்தாழ 3 மணி 20 நிமிடம். 25 நிமிட விலகல் போய்விட்டது, ஆனால் நூலிழை அளவில் ஒன்று மிஞ்சியிருக்கிறது. முதல் நிமிடத்தில் விரல் உடுக்கைத் தோலில் படும் ஃபிரேமும் ஓசையும் பொருந்துகின்றன. இறுதியில் விரல் படுவதற்கு 600 மில்லிவினாடி முன்பே ஓசை கேட்டுவிடுகிறது. இடையில் சரிபார்த்தால் விலகல் சீராக, சிறிது சிறிதாக வளர்ந்திருக்கிறது. ஓசைக்கு இன்னும் சாம்பிள்களைத்தான் எண்ணுகிறேன். அதுதான் காரணமா?

பவானிக்கூடுதுறை எழுதியது:

அதுதான் காரணம், ஆனால் இது உங்கள் நிரலின் பிழை அன்று. உங்களிடம் இப்போது இரண்டு கடிகாரங்கள் இருக்கின்றன. கேமரா ஃபிரேம்களுக்கு மடிக்கணினியின் கடிகாரம் நேரம் சொல்கிறது. சாம்பிள்களை அளந்து தருவது சவுண்ட் கார்டில் உள்ள படிகம். அதன்மேல் 48,000 என்று எழுதியிருந்தாலும், மலிவான படிகங்கள் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்குகள் முன்பின்னாக ஓடுவது வழக்கம். உங்கள் 12,000 வினாடிக்கு 0.6 வினாடி என்பது பத்து லட்சத்தில் 50 பங்கு. அதாவது உங்கள் மடிக்கணினிக் கடிகாரத்தைக் கொண்டு அளந்தால் அந்தக் கார்டு வினாடிக்கு 48,000 சாம்பிள் தரவில்லை, 47,997.6 தருகிறது. இரவு முழுவதும் சேர்த்து 28,800 சாம்பிள் குறைகிறது. ஓசையின் காலக்கோடு அந்த அளவுக்குச் சுருங்குவதால்தான் அது முந்திக்கொள்கிறது.

முந்துவதுதான் உறுத்தும் என்பதையும் சொல்ல வேண்டும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பிடி.1359 பரிந்துரைப்படி, ஓசை 45 மில்லிவினாடி முந்தினாலே பார்ப்பவர் கண்டுகொள்வார். பிந்தினால் 125 மில்லிவினாடி வரை தெரியாது. கோயில் திடலின் கடைக்கோடியில் நின்று பார்ப்பவருக்கு 34 மீட்டர் தொலைவுக்கே ஓசை பத்தில் ஒரு வினாடி பிந்தித்தான் வருகிறது, அவர் அதைப் பொருட்படுத்துவதில்லை. அடிக்கும் முன்பே ஒலிக்கும் உடுக்கையை உலகில் எவரும் கண்டதில்லை.

இரண்டு கடிகாரம் இருக்கும்போது ஒன்றைத் தலைமையாக்க வேண்டும். நான் ஓசையைத் தலைமையாக்குவேன். ஒரு ஃபிரேம் ஒரு மில்லிவினாடி கூடுதலாக நிற்பதைக் கண் அறியாது. ஓசையில் ஒரு சிறு வெட்டு விழுந்தாலும் காது கண்டுபிடித்துவிடும். எனவே சாம்பிள்களை எண்ணுவதை நிறுத்த வேண்டாம். ஒவ்வோர் ஓசைத் துண்டும் வரும்போது அதுவரை எண்ணிய சாம்பிள்களையும் அந்தக் கணத்தின் மோனோடானிக் நேரத்தையும் இணையாகக் குறித்துக்கொள்ளுங்கள். கார்டின் இடையகத்தில் (தற்காலிகத் தேக்கத்தில்) இன்னும் படிக்கப்படாமல் காத்திருக்கும் சாம்பிள்களின் நேரத்தை அதிலிருந்து கழிக்க மறக்கக் கூடாது. தனித்தனி அளவீடுகள் சில மில்லிவினாடி ஆடும் என்பதால் அவற்றை நேரடியாக நம்பாமல், கடந்த சில நிமிடங்களின் இணைகளுக்கு ஒரு நேர்கோட்டைப் பொருத்துங்கள். அந்தக் கோட்டின் வழியே ஒவ்வொரு ஃபிரேமின் நேரத்தையும் ஓசையின் நேரத்துக்கு மாற்றி முத்திரை இடுங்கள். மூன்றாம் இரவின் கோப்புக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. விலகல் சீராக வளர்ந்திருப்பதால், மாற்றி எழுதும்போது காட்சியின் ஒவ்வொரு முத்திரையையும் 0.99995 ஆல் பெருக்கினால் போதும்.

இந்தக் கணக்கை எல்லாம் கெடுக்கக்கூடியது ஒன்று உண்டு. கணினி வேறு வேலையில் மூழ்கி ஓசையை உரிய நேரத்தில் படிக்கத் தவறினால் இடையகம் நிரம்பி வழிந்து சாம்பிள்கள் தொலைந்துபோகும். லினக்ஸின் ஓசை அமைப்பான ஏஎல்எஸ்ஏ இதைப் பிழையாகத் திருப்பிச் சொல்லும். பலர் அந்தப் பிழையைப் பெற்றதும் கருவியை மீண்டும் தயார்செய்துவிட்டு ஒன்றும் நடக்காததுபோல எண்ணிக்கையைத் தொடர்கிறார்கள். தொலைந்த நேரத்தை அளந்து, அதே அளவுக்கு மௌன சாம்பிள்களை நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் அந்த நொடியிலிருந்து கோப்பின் முடிவு வரை எல்லாம் விலகியே நிற்கும். படிகத்தின் விலகல் மெல்ல வளரும், இது ஒரே தாவலாகத் தாவும். எது எது என்று அதை வைத்தே பிரித்தறியலாம்.

ஏஏசி என்கோடர் தொடக்கத்தில் தன் பங்குக்கு 1,024 சாம்பிள், அதாவது 21 மில்லிவினாடி, முன்னோட்டமாகச் சேர்க்கும். முதல் ஓசைப் பாக்கெட்டின் முத்திரை எதிர்மறை எண்ணாக இருப்பதைக் கண்டு திடுக்கிட்டுப் பூஜ்யமாக்கிவிடாதீர்கள். மக்சர் அதைப் புரிந்துகொண்டு, அந்தப் பகுதியைத் தவிர்க்குமாறு இயக்கிக்குக் குறிப்பு எழுதும்.

ஓசையை மட்டும் தனியாக வேவ் கோப்பிலும் சேமித்து வைப்பது நல்லது என்று சொல்ல வந்தேன், ஆனால் விடிய விடியப் பாடும் இரவுக்கு அது போதாது. வேவ் கோப்பின் அளவு 32 பிட்டில் எழுதப்படுவதால் 4 ஜிபிக்கு மேல் போக முடியாது. 24 பிட் ஸ்டீரியோ என்றால் 4 மணி 8 நிமிடத்தில் அது நிரம்பிவிடும். ஃபிளாக் அல்லது ஆர்எஃப்64 வடிவத்தில் எழுதுங்கள்.

சென்னிமலைத்தறி எழுதியது:

1965-இல் மானுடவியலாளர் பிரெண்டா பெக் இதே கதையை நம் பகுதியில் நாடாச் சுருளில் பதிவு செய்தபோது அவருக்கு ஓசை மட்டுமே போதுமாக இருந்தது. ஒரே கடிகாரம் என்பதால் இந்தத் தொல்லையும் இல்லை. கூடுதுறையார் சொன்ன நேர்கோட்டு முறையையே நானும் பயன்படுத்துகிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: முதல் இரண்டு நிமிடங்களில் கோடு நிலைபெறாது, அதுவரை கோட்டின் சரிவை ஒன்று என்றே, அதாவது இரு கடிகாரமும் ஒரே வேகம் என்றே, வைத்துக்கொள்ளுங்கள்.

காங்கயங்காளை எழுதியது:

மூன்றாம் இரவின் கோப்பைப் பெருக்கிப் பார்த்தேன். கடைசி நிமிடத்தில் விரலும் ஓசையும் ஒரே ஃபிரேமில் விழுகின்றன. நேர்கோட்டு முறையை எழுதி வீட்டில் 6 மணி நேரம் ஓட்டினேன். கேமரா முன்னே உடுக்கையை அரை மணிக்கு ஒருமுறை தட்டிச் சரிபார்த்ததில் எந்த இடத்திலும் விலகல் ஒரு ஃபிரேமைத் தாண்டவில்லை. ஒரே ஒருமுறை இடையகம் நிரம்பி வழிந்தது. 1,920 மௌன சாம்பிள்கள் நிரப்பப்பட்டன. ஓசையைப் படிக்கும் பகுதியை நிரலுக்குள் இணையாக ஓடும் தனி இழைக்கு மாற்றிய பிறகு அதுவும் வரவில்லை.

நாளை மறுநாள் இரவு, அண்ணன்மார் போர்க்களத்தில் வீழும் படுகளம். புதிய மின்கலம் வாங்கியாயிற்று. மின்கம்பியை இம்முறை கோயில் தூணோடு சேர்த்துக் கட்டிவிடுகிறேன்.